12 வோல்ட்தானே என்று விட்டுவிடலாமா?

(அதிராம்பட்டினத்தில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தேன். இருசக்கர வாகனங்களுக்கு நடுவே ஏழெட்டு கார்கள். அவற்றில் பல, ஒருவர் ஓட்டிய பிறகு நம் கைக்கு வந்தவை. என் காரும் அப்படி வாங்கியதுதான்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள், பட்டுக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணி இருக்கும், நல்ல மழை. முகப்பு விளக்குகள் மங்கின. மழைக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்து ஓட்டினேன். சற்று நேரத்தில் இரண்டு விளக்கும் அணைந்தன. கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கவைத்தேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. பின்னால் ஒரு லாரி வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. "அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு யாரோ பெரிசாப் போட்டிருக்காங்க சார். இப்ப ஃபியூஸ் போகல, வயர் போயிடுச்சு" என்றார்.

வீட்டில் மின்சாரம் என்றால் நமக்குப் பயம் உண்டு. காரில் அந்தப் பயம் இல்லை, 12 வோல்ட்தானே என்கிறோம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் வயரைச் சூடாக்குவது மின்னோட்டம். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு எடுப்பது சுமார் 0.26 ஆம்பியர். அதே 60 வாட் பல்பு காரில் எடுப்பது 5 ஆம்பியர். 19 மடங்கு அதிகம்! பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் ஜூல் வெப்ப விதி நடத்துகிறோம் அல்லவா? வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கரும்பலகையில் எழுதுகிற நாம், சொந்த காரில் அதை மறந்துவிடுகிறோம்.

என் காரில் நடந்ததைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முகப்பு விளக்குக்கு உரிய பல்பு 60 வாட். இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கும். வெளிச்சம் போதவில்லை என்று முன்பு யாரோ 100 வாட் பல்பு மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து 16.7 ஆம்பியர் ஆகிவிட்டது. ஃபியூஸ் போனது. "இந்த வயருக்கு இவ்வளவு கரண்ட் ஆகாது" என்று அது சொன்ன செய்தி அது. செய்தியைக் கேட்காமல், செய்தி சொன்னதை மாற்றிவிட்டார்கள்.

இத்துடன் நம் ஊர்க் காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். சைக்கிள் செயின் முதல் வீட்டு கேட் வரை இங்கே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரில் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, வண்டியின் இரும்பு உடல்தான். அந்த எர்த் வயரை உடலோடு இணைக்கும் போல்ட் துருப்பிடித்தால் மின்தடை கூடும். வெறும் 0.1 ஓம் கூடினாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்பில் 10 வாட் வெப்பம் உண்டாகும். 16.7 ஆம்பியர் ஓடினால் சுமார் 28 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான்! விளக்கு மங்கியதற்கும் வயர் கருகியதற்கும் காரணம் இவைதான்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். விளக்கு மங்கினால், ஹார்ன் கம்மினால் தள்ளிப்போடாமல் பாருங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸை மட்டும் மாட்டுங்கள். மறுபடியும் போனால் காரணத்தைத் தேடுங்கள். கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ வைத்து ஒப்பேற்ற வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் பேட்டரி முனைகளையும் எர்த் இணைப்புகளையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். புகை வந்தால் அணைத்துவிட்டு எல்லாரும் இறங்கி விலகுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் தீ பெருகும். 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

நம் மாணவர்களுக்கு இதைவிட அவசரமான செய்தி கார்க் கதவைப் பற்றியது. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது. மின்சாரத்தால் பூட்டும் கதவு, மின்சாரத்தால் இறங்கும் கண்ணாடி என்று கார்கள் வந்துவிட்டன. பேட்டரி செயலிழந்தால் கண்ணாடி இறங்காது. அதனால்தான் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில், மின்சாரம் இல்லாவிட்டாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் திறக்கும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. வசதி இருந்தால் போதாது, எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

நின்றிருக்கும் காருக்குள் விளையாடக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. முன்சீட்டுக்குத் தாவி வந்து, பூட்டை விடுவித்து, கைப்பிடியை இழுக்க வேண்டும். முடியாவிட்டால் ஹார்னை விடாமல் அழுத்த வேண்டும். பல கார்களில் சாவி இல்லாமலும் ஹார்ன் ஒலிக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லி, அவரவர் காரில் பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்தில் நின்றபடி ஒருமுறை திறக்கப் பழக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இறுதியாக வகுப்பறைக்கு இரண்டு செயல்பாடுகள். துருப்பிடித்த ஸ்பிரிங் உள்ள பழைய டார்ச்சைக் கொண்டுவந்து எரியவிடுங்கள். உப்புத்தாளால் ஸ்பிரிங்கைத் தேய்த்துவிட்டு மறுபடியும் எரியவிடுங்கள். மின்தடை என்றால் என்னவென்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். அடுத்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய எஃகு நாரில் ஒரே ஓர் இழையை எடுத்து, டைல்ஸ் துண்டின்மேல் வைத்து, இரண்டு டார்ச் செல்களோடு இணையுங்கள். இழை சிவந்து அறுந்துபோகும். இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். "இழை ஏன் அறுந்தது? அறாமல் இருந்திருந்தால் எது சூடாகியிருக்கும்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை, வீட்டுக்குப் போய் "அப்பா, நம்ம கார்ல சரியான ஃபியூஸ்தான் இருக்கா?" என்று கேட்கும். நமது பாடம் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.