தள்ளாட்டமும் தளர்நடையும்



‘ஸ்டாகர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தள்ளாடுதல் என்பதே முதற்பொருள். ஆயினும், அலுவலக ஆணையில் ‘ஸ்டாகர்டு’ நேரம் என வரின், கூட்டம் நெரியாதிருக்க வெவ்வேறு வேளைகளில் வருதல் என்று பொருள்படும். மொழிபெயர்ப்புப் பணியின் தொடக்கத்தில் யான் அதனைத் ‘தள்ளாடும் நேரம்’ என எழுதி நாணியதுண்டு.

தமிழோ நடைக்கேற்பச் சொல் வகுத்தது. முதியோர்க்கும் கள்ளுண்டார்க்கும் தள்ளாட்டம், மனத்திற்குத் தடுமாற்றம், வெள்ளத்தில் வீழ்ந்தார்க்குத் தத்தளிப்பு, குழவிக்குத் தளர்நடை. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடியது அத்தளர்நடையே.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்துப் பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் குழந்தை முதலடி வைத்தது. “பிள்ளை தத்தித் தத்தி நடக்கான்” என்றார் பாட்டி. பள்ளி செல்லும் பேத்தியோ, “பிச்ச வைக்குந்நு” என்றாள். இரண்டும் இனிய சொற்களே. ஆயினும் பாட்டிக்குப்பின் முன்னதைச் சொல்வார் யார் என்ற எண்ணம் என்னை வருத்திற்று.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே! அண்டையார் மொழியை நம் மக்கள் நன்கு கற்கட்டும். வீட்டிற்குள் குழந்தை நடை பயிலும்போது அதற்குரிய தமிழ்ச் சொல்லும் அதன் செவியில் விழட்டும்.