ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"உலகம் முழுதும் பரவும் ப்ளூ ஜுரம் மறுபடி வந்தால், சர்க்கார் ஊசி போடச் சொல்லும். போட்டுக்கொள்வதா, வேண்டாமா?" சங்கக் கட்டடத்தில் நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. நம் உடம்புதான் நம் ஒரே சொத்து. அது படுத்துவிட்டால் அடுப்பு எரியாது.

முதலில் ஒரு சுயவிமர்சனம். 2021இல் கொரோனா ஊசிக்காக நாம் தெருத் தெருவாகப் போனோம். நாற்று நடும் ஒரு தாய், "ஊசி போட்டால் ஏதாவது பண்ணுமா?" என்று கேட்டார். "ஒன்றும் பண்ணாது" என்று சொல்லிவிட்டோம். அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். இரண்டு நாள் கூலி போயிற்று. அடுத்த வாரம் போனபோது அந்தத் தெருவில் பாதி வீடு கதவைத் திறக்கவில்லை. "கூலி போனதுகூடப் பெரிசில்லை, ஐயா. பொய் சொல்லிவிட்டீர்களே" என்றார் அந்தத் தாய். பாடம் சொல்லப் போன நாம் பாடம் கற்றுத் திரும்பினோம். ஆகவே இன்று இரண்டு தட்டையும் மறைக்காமல் காட்டுகிறோம்.

முதல் தட்டு, நோய். 1918இல் வந்த ஜுரம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பஞ்சத்தில் மெலிந்திருந்த ஏழைகளே அதிகம் செத்தார்கள். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு மற்றொரு ஜுரம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. சில மாதங்களில் நாடெங்கும் சுமார் 44 லட்சத்து 50 ஆயிரம் பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள். 1,098 பேர் இறந்ததாகக் கணக்கு. கணக்கில் வராதவர்கள் எத்தனையோ!

இரண்டாவது தட்டு, ஊசி. கை வலி, உடம்பு வலி, ஓரிரு நாள் காய்ச்சல் பலருக்கு வரும். பெரிய கேடு அபூர்வம், ஆனால் உண்டு. 1976இல் அமெரிக்காவில் ராணுவ முகாம் ஒன்றில் பன்றி ஜுரத்தால் ஒரு சிப்பாய் இறந்தார். சர்க்கார் பதறிப்போய் 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டது. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் கணக்கில் கூடுதலாகக் கை கால் விழும் நரம்பு நோய் வந்தது. பலர் மாதக் கணக்கில் படுத்துத் தேறினார்கள், சிலர் இறந்தார்கள். ஆனால் பயந்த கொள்ளை நோயோ வரவேயில்லை! டிசம்பரில் ஊசியை நிறுத்தினார்கள்.

2009இல் பரவிய ஜுரத்துக்கு ஐரோப்பாவில் போட்ட ஒரு வகை ஊசியால் பின்லாந்தில் சிறுவர்களிலும் இளைஞர்களிலும் சுமார் 16,000 பேருக்கு ஒருவர், பகலிலும் அடக்க முடியாமல் தூங்கும் நோய்க்கு ஆளானார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் போட்ட ஊசிகளிலோ நரம்பு நோய் 10 லட்சத்துக்கு ஒன்று இரண்டுதான் கூடியது.

இப்போது எடை போடுவோம். ஒரு லட்சம் பேருள்ள நகரம். நாலில் ஒருவருக்கு நோய் கண்டால் 25,000 பேர். 1957 கணக்குப்படி நாலாயிரத்துக்கு ஒருவர் என்றால் சாவு ஆறு. ஊசி பாதியைத்தான் தடுக்கும் என்று வைத்தாலும் மூன்று உயிர் மிஞ்சுகிறது. எதிர்த் தட்டில், 1976இன் மோசமான கணக்கில்கூட ஒரு நரம்பு நோயாளி. 2009 கணக்கில் அதுவும் இல்லை. 1918 போன்ற ஜுரம் வந்தாலோ ஒப்பிடவே வேண்டாம்.

ஆனால் 1976இல் நடந்தது என்ன? நோய்த் தட்டு காலி. ஊசித் தட்டில் மட்டும் கனம். ஆகவே எடை எப்போதும் ஒன்றாக இராது. நோய் பரவுகிறதா? எவ்வளவு கொடியது? இந்த ஊசியைச் சோதித்தார்களா? இந்த மூன்றையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஆளுக்கு ஆளும் எடை மாறும். கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரை ஜுரம் கடுமையாகத் தாக்கும். வருஷக் கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்ட நூற்பாலைத் தோழர்களுக்கும் ஆபத்து அதிகம். இவர்களுக்கு ஊசியின் பக்கமே தட்டு தாழும். முன்பு ஊசியால் மூச்சு முட்டியவர்களும், கை கால் விழுந்த நோய் கண்டவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டே கையை நீட்ட வேண்டும். கர்ப்பிணிகள், உயிருள்ள கிருமியால் ஆன மூக்குச் சொட்டு மருந்தைத் தவிர்த்து, கொன்ற கிருமியால் ஆன ஊசியையே கேட்க வேண்டும். செத்த கிருமி ஜுரத்தைத் தராது.

"முதலாளி கம்பெனி மருந்து, லாபத்துக்காகச் செய்வது, நமக்கெதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். சந்தேகம் சரி, முடிவு தவறு. 1976இல் கேடு வந்தால் பொறுப்பேற்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மறுத்தன. அந்தப் பாரத்தைச் சட்டம் போட்டு ஜனங்களின் வரிப்பணத்தின் தலையில் கட்டினார்கள். 2009இல் பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு மருந்தை வளைத்துக்கொண்டன. நம் நாட்டில் தயாரித்த மருந்துகள் 2010 ஜூன், ஜூலையில்தான் வந்தன. ஆகஸ்டில் கொள்ளை நோய் முடிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது! நூல் மில் முதலாளியுடையது என்பதற்காக நாம் துணி உடுத்தாமல் இருக்கிறோமா? மருந்தும் உழைப்பாளிகளின் மூளையும் கையும் செய்ததே. மருந்தை மறுப்பதல்ல, அதன் மேலுள்ள லாப வேட்டையை எதிர்ப்பதே நம் வேலை.

ஆகவே, நோய் வந்தால் நமது கோரிக்கைகள் இவை:

ஊசி இலவசமாக, ஆலை வாயிலிலும் சேரியிலும் போடப்பட வேண்டும். என்ன கேடு வரலாம் என்பதைத் தமிழில், ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் டாக்டர் கண்காணிப்பு வேண்டும். காய்ச்சல் கண்டால் சம்பளத்தோடு லீவு வேண்டும். ஆலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நாற்று நடும் தாய்க்கு எது உண்டு? அவருடைய கூலியைச் சர்க்கார் தர வேண்டும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் கேட்டை அந்த ஒரு குடும்பமே சுமக்கக் கூடாது. வழக்குப் போடாமலே நஷ்டஈடு கிடைக்க வேண்டும். பின்லாந்தும் ஸ்வீடனும் கொடுத்தன.

பயமுறுத்திக் கையை நீட்டச் சொல்பவரையும் நம்பாதீர்கள்; பயமுறுத்திக் கையை மடக்கச் சொல்பவரையும் நம்பாதீர்கள். கேளுங்கள், எடை போடுங்கள், முடிவு செய்யுங்கள். அந்த நாள் வந்தால் நாம் மறுபடி அந்தத் தாயின் தெருவுக்குப் போவோம். இந்தத் தடவை, "இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், அம்மா, கூலிக்காகச் சங்கம் உங்களோடு நிற்கும்" என்று சொல்வோம்.