காது குத்தியபோது ரத்தம் நின்றதா?

செவிலியராகவும் ஆய்வக நுட்பநராகவும் பட்டம் பெற்று இங்கிருந்து புறப்படும் தம்பி தங்கைகளே!

அழகர்கோவிலில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பணசாமியைக் கும்பிட வரும் குடும்பங்கள் பிள்ளைக்கு முடியிறக்கி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகின்றன. பிள்ளை அழுது ஓய்வதற்குள் ரத்தம் நின்றுவிடும். மிக அரிதாக ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்போது நின்ற ரத்தம், விருந்து முடிந்து ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் மீண்டும் கசியத் தொடங்கும். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. கடைசியில் வருவது ஃபேக்டர் 13 என்ற காரணி. உறைகட்டியின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது அதன் வேலை. பிறவியிலேயே அது இல்லாதவருக்கும் ரத்தம் உறையும். ஆனால் சாந்து வைக்காமல் அடுக்கிய செங்கல் சுவரைப் போல, அந்தக் கட்டி ஒரு நாள் தாங்கிவிட்டுச் சரிந்துவிடும். 1960-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறுவனிடம் இந்தக் குறைபாடு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உலக அளவில் சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

நம் பக்கத்தில் அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தக் குறைபாட்டின் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிய பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுது வந்திருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. "சொந்தத்திலா கட்டினீங்க?" என்று நீங்கள் கேட்டே ஆகவேண்டும். குற்றவாளியை விசாரிக்கும் குரலில் மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தாய் ஏற்கெனவே வீட்டில் போதுமான அளவு கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள்.

இந்த நோயை நாம் தவறவிடுவதற்குக் காரணம் பரிசோதனைச் சீட்டுதான். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி. நார்மல், ஏ.பி.டி.டி. நார்மல், பிளேட்லெட் எண்ணிக்கையும் நார்மல். மூன்றையும் பார்த்தவர் "ரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பரிசோதனைகள் கட்டி உருவாகும் வரைதான் பார்க்கும். அது நிலைக்கிறதா என்பதை அவை பார்ப்பதில்லை.

அதைச் சொல்வது தாயின் வாய்மொழி. தொப்புள் கொடி விழும்போது ரத்தம் வந்ததா? இந்தக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அது வந்திருக்கும். காது குத்தியபோது எப்படி? பால் பல் விழுந்தபோது? தவழும் வயதில் நெற்றியில் இடித்தால் வீக்கம் எத்தனை நாள் நின்றது? முன்பு ஒரு பிள்ளை தொப்புளில் ரத்தம் போயே இறந்ததா? இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் அடுத்து நாம் அந்தப் பிள்ளையைப் பார்ப்பது மூளைக்குள் ரத்தக்கசிவோடு இருக்கலாம். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது நேர்கிறது. ரத்தப்போக்கு நோய்களில் வேறெதிலும் அது இவ்வளவு அதிகமில்லை.

பெண்களின் துயரம் இன்னொன்று. ஃபேக்டர் 13 இல்லாத பெண்ணுக்குக் கரு தங்குவதில்லை. திரும்பத் திரும்பக் கலைகிறது. கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு, ஊர்ப்பேச்சையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் மகப்பேறு வார்டுக்கு வரும் அவளிடம் யாரும் அவளுடைய தொப்புள் கொடியைப் பற்றிக் கேட்பதில்லை. முறையாகக் காரணியை ஏற்றி வந்தால் அவளாலும் பிள்ளை பெற முடியும்.

இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு எளிய மருத்துவமா என்று நான் இன்றும் வியக்கிறேன். இந்தக் காரணி உடலில் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கும். சிறிதளவு இருந்தாலே ரத்தப்போக்கு அடங்கும். ரத்த வங்கியில் பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கும் கிரையோவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், விளையாடும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இன்னொரு ரத்தப்போக்கு நோயான ஹீமோஃபீலியா-ஏ கடுமையாக உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய குருத்தணுக்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ரத்தப்போக்கு வரவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. நம் மண்ணில் நடந்த அந்தச் சாதனையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மேலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் சந்தேகப்படாவிட்டால், எந்தப் பிள்ளையும் வேலூர் வரை போய்ச் சேராது.

ஆய்வகம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சந்தேகத்துக்குரிய பிள்ளையின் சிட்ரேட் பிளாஸ்மாவில் கால்சியம் குளோரைடு சேருங்கள். கட்டி உருவானதும் அதை 5 மோலார் யூரியாக் கரைசலில் போட்டு வையுங்கள். பக்கத்திலேயே நலமான ஒருவரின் கட்டியையும் இன்னொரு குழாயில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நலமானவரின் கட்டி வெள்ளை முத்துப்போல் அப்படியே கிடக்கும். ஃபேக்டர் 13 இல்லாதவரின் குழாயில் தெளிந்த நீர் மட்டுமே இருக்கும். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. குறைபாடு மிகக் கடுமையாக இருந்தால்தான் இந்தச் சோதனையில் பிடிபடும் என்பதால், சந்தேகம் தீராவிட்டால் காரணியின் அளவைப் பார்க்கப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

வார்டுக்குப் போகும் பிள்ளைகளே, பிளாஸ்மாவோ கிரையோவோ ஏற்றுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடுத்தவரின் காரணி குழாய்க்குள் இருக்கும். கட்டி கரையாது. சீட்டில் மறுபடியும் நார்மல் என்றே வரும். உயிர் போகும் அவசரமென்றால் சிகிச்சைதான் முதலில். அப்போதும் ஊசி போடுகிற அந்த நேரத்திலேயே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, தனியே வைத்துவிடுங்கள்.