பாலத்தில் ஏறும் சைக்கிள்

சைக்கிளுக்கு வாகான ஊர் திருச்சி. மலைக்கோட்டையை விட்டால் பெரிய ஏற்றம் கிடையாது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. ஆனாலும் பெரியவர்கள் ஏறத் தயங்குகிறார்கள். காரணம், மற்ற வண்டிகளின் வேகம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தனிப் பாதை ஏதும் இல்லை. ஆனால் மாடு நிற்கும், பூக்கூடையோடு ஒருவர் குறுக்கே நடப்பார், காரும் அடங்கித்தான் போகும். அதனால் சைக்கிளுக்குப் பயமில்லை. அதே சைக்கிள் 1976இல் திறந்த காவிரிப் பாலத்தில் ஏறினால் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன்! ஆக, வீதிகளில் வேகத்தைக் குறைத்தாலே போதும். பாலம் மாதிரி வேகமான சாலைகளுக்குத்தான் தடுப்பு வைத்த தனித் தடம் வேண்டும். வெறும் பெயின்ட் கோட்டை நம் டிரைவர்கள் கோலமாகக்கூட மதிக்க மாட்டார்கள்.

திருச்சி வெயிலில் யார் மிதிப்பது என்பீர்கள். ஸ்பெயினின் செவில் நகரிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே 2006க்குப் பிறகு, தடுப்போடு கூடிய தடங்களை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டார்கள். சைக்கிள்கள் பல மடங்கு பெருகின. நமக்கும் பள்ளி, அலுவலக நேரம் காலையில்தானே? தனித் தடத்துக்கு இடம் ஏது என்பதும் நியாயமான கேள்வி. சாலை ஓரத்தில் நாள் முழுக்க இலவசமாக நிற்கும் கார்களிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.