விரைவும் ஓய்வும்

ஸ்ரீவராகத்துக் கோயிலுக்குரிய பெரிய குளத்தை நேயர்கள் பலர் அறிவீர்கள். விடியற்காலையில் அக்குளத்தருகே ஓர் இளைஞர் முழு விரைவில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு அடங்குமுன் மீண்டும் ஓடுகிறார். இவ்வாறு பத்துத் தடவை. கேட்டால், நூறு மீட்டர் பந்தயத்திற்குப் பயில்வதாகச் சொல்கிறார். அவருடைய உழைப்பை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவர் பயில்வது நூறு மீட்டருக்குத்தானா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

இடைவிட்டு ஓடும் இம்முறை புதியதன்று. ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரிடம் இவ்வழியில் பயின்ற ருடால்ப் ஹார்பிக், 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி முடித்தார். அச்சாதனை 1955 வரை அசையாது நின்றது. பின்னர் 1996இல் ஜப்பானிய அறிஞர் தபாட்டா, 20 விநாடி கடும் உழைப்பும் 10 விநாடி ஓய்வுமாக மிதிவண்டிக் கருவியில் பயின்றோருக்கு மூச்சுத்திறனும் தாங்கும் ஆற்றலும் ஒருங்கே உயர்ந்தமையைக் காட்டினார். தாங்கும் ஆற்றல் என்பதை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். விரைவு வேறு.

முழு விரைவில் ஓடும்போது தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் சில விநாடிகளிலேயே பெரிதும் செலவாகிவிடுகிறது. அரை நிமிட ஓய்வில் அதில் ஏறக்குறையப் பாதிதான் மீளும். பெரும்பகுதி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வேண்டும். அதற்குமுன் மறுபடி ஓடுபவரின் கால் தளர்கிறது. அவர் மெதுவாக ஓடவே கால்களைப் பழக்குகிறார். இவ்வுண்மையை உணராமல் இளைஞர் பலர் பருவங்களை வீணாக்குகின்றனர்.

நானூறு மீட்டரில் நிலைமை மாறுகிறது. அங்கே இறுதி நூறு மீட்டரைத் தாங்குவதே பெரும்பாடு. நம் பய்யோளி உஷா, நம்பியாரிடம் பயின்று, 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு! 1986இல் சியோலில் 200, 400, தடையோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற அவருக்கு, 100 மீட்டரில் வெள்ளியே கிடைத்தது.

ஆகவே குளக்கரை இளைஞருக்கு நாம் கூறுவது இது: அறுபது மீட்டர் முழு விரைவில் ஓடுக, பின் நான்கு நிமிடம் மெல்ல நடந்து வருக, ஐந்தாறு தடவையுடன் நிறுத்துக. மூச்சிரைக்கும் பயிற்சியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்க. படித்துறையில் இருப்போர் உம்மைச் சோம்பேறி என்று எண்ணக்கூடும், எண்ணிவிட்டுப் போகட்டும்.