ஊரே உறவாக இருக்கும் இடத்தில் ஒரு குழந்தை

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கோவளம். பேருந்து வருகிறது, சுற்றுலாக்காரர் வருகின்றனர். 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றும் வந்தது. இருந்தும் மீனவர் குப்பத்தில் வளரும் குழந்தைக்கு உலகம் சிறியது. கிழக்கே கடல், மேற்கே சாலை, வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம். நடுவே உள்ள சில தெருக்களுக்குள்தான் அதன் வகுப்புத் தோழன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மாமன் மகன் எல்லாரும் அடக்கம். பல நேரம் மூன்றும் ஒரே ஆள்தான். அந்த ஒருவனை இழந்தால் அடுத்தவனைத் தேடிப் போக வேறு தெரு கிடையாது.

கடல் தொழிலில் வருமானம் பங்காகப் பிரிகிறது. டீசல் செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிப்போன ஆட்களுக்குப் பங்கு. இந்தக் கணக்கில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தால் படகு பிரியும், பின்னால் அடுப்பும் பிரியும். பெரியவர்கள் ஆளுக்கொரு நியாயம் பேசி மனத்தை ஆற்றிக்கொள்கின்றனர். குழந்தைக்குக் கிடைப்பது, “இனிமே அவங்க வீட்டுப் பக்கம் போகாத” என்ற ஒரே வரி. நேற்றுவரை கவிழ்த்துப் போட்ட பைபர் படகின் நிழலில் ஒட்டி உட்கார்ந்து பழைய வலைத்துண்டைப் பிரித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவன் இன்று படகுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறான். ஏன் என்று யாரும் சொல்லாததால், தன்மேல்தான் தப்பு என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறது. வீட்டில் அதை அடம் என்கின்றனர். அது துக்கம்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன், பதின்வயதுக்குச் சற்று முன்பு அமையும் ஓர் உற்ற நட்பில்தான் குழந்தை முதன்முதலாக இன்னொருவரின் நலனைத் தன் நலன்போல் மதிக்கக் கற்கிறது என்றார். 1953இல், அவர் இறந்தபின் வெளியான நூலில் உள்ள கருத்து இது. குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வீட்டுச் சண்டை மட்டுமல்ல, ஊர்த் தீர்ப்பும் இந்த நட்பைப் பிரிக்கும். சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் வழக்குகளைத் தீர்ப்பது ஊர்ப் பஞ்சாயத்து. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பல ஊர்களில் நிவாரணத்தை வீடு வீடாகச் சேர்த்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் சில ஊர்களில் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அதே பஞ்சாயத்தில் இருந்துவருகிறது. அக்குடும்பத்துடன் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. விசாரணையில் பெயர்கூட வராத பிள்ளைதான் மறுநாள் வகுப்பில் தனியாக உட்காருகிறது. இது அநியாயம்.

பிள்ளைகளின் துயரை ஆற்றும் வழியும் இதே கரையில் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் அந்தந்த ஊர்க்காரர்களுக்கே மன ஆறுதல் அளிக்கும் பயிற்சி தந்தனர். தெரிந்த முகம், பழைய விளையாட்டு, நேரத்துக்குப் பள்ளி ஆகியவை பிள்ளைகளை மீட்கும் என்பது அந்தப் பணியின் அடிப்படை. கோவளத்திலேயே இன்னொரு வழியும் திறந்தது. இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். பலகையோடு அலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடையே யார் வீட்டுப் படகு என்ற கேள்விக்கு இடமில்லை.

குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றது. பேச ஆள் இல்லாத குழந்தைக்கு 1098 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பள்ளிச் சுவரில் அது பெரிதாக எழுதப்பட வேண்டும். படகைப் பிரிக்கும் தகப்பன்மார், பிரிவின் காரணத்தைப் பிள்ளைக்குப் புரியும்படி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். தீர்ப்பு சொல்லும் ஊர்ப் பெரியவர்கள், “பிள்ளைகள் எப்போதும்போல் சேர்ந்து விளையாடலாம்” என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும்.