அயலவர் யார் என்று கேளாத ஊழியம்



நான் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவான். வாவி சூழ்ந்த அந்தச் சிறிய தீவில் ஒல்லாந்தர் கோட்டையும் கோயில்களும் தேவாலயங்களும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் வேறு சமயத்தவராக இருப்பது அங்கே யாருக்கும் புதினமில்லை. அந்த அயலவருக்கு ஒரு திருச்சபை என்ன செய்யலாம் என்பதை எங்கள் ஊர் வாழ்ந்து காட்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1814 ஜூலையில் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்பில் வந்திறங்கினார். வரும் வழியிலேயே மனைவியைக் கடற்பயணத்தில் பறிகொடுத்தவர். வந்ததும் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்; 1815 ஏப்ரலில் கண்ணை மூடிவிட்டார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அவர் விதைத்துவிட்டுப் போனதுதான் இன்று இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி. சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்த இடம் அது.

கல்வி கொடுப்பது அமைதிக் காலத்து ஊழியம். யுத்தம் வந்தபோது அயலவருக்கு வேறொன்று தேவைப்பட்டது: பக்கத்தில் நிற்க ஒரு ஆள். புளியந்தீவு மரியன்னை ஆலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ அடிகளார் பிரஜைகள் குழுவின் தலைவராக நின்று, மக்களின் துன்பத்தை அதிகாரத்தில் இருந்தவர்களிடம் கொண்டுபோனார். 1988 ஜூன் 6 அன்று தம் ஆலயத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். இளைஞர்களின் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று தொழிற்பயிற்சிக்கும் உழைத்தவர். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். தமிழர்களும் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். மக்கள் தெருவில் இறங்கவே பயந்த அந்த மாதத்தின் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அடிகளாரும் கூட வந்த தமிழ் இளைஞரும் வீடு வந்து சேரவேயில்லை. அவருடைய சக துறவி ஹரி மில்லர் அடிகளார், பிள்ளையைத் தேடி அழுது வந்த தாய்மாருக்காகக் காணாமல் போனவர்களின் விபரங்களை எழுதி வைத்தார்; சமாதானக் குழுவில் உழைத்தார். முதுமையில் ஓய்வுக்காகத் தாயகம் போனவர், அங்கே மனம் ஒட்டாமல் மட்டக்களப்புக்கே திரும்பி வந்தார்.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலய வாசலில் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் பலியானார்கள். கொன்றவனின் சமயத்தைச் சொல்லி, ஒரு பாவமும் அறியாத அயலூர் முஸ்லிம் மக்கள் முழுப்பேரையும் வெறுப்பது அன்று மிக இலேசாக இருந்தது.

அயலவரை நேசி என்ற கட்டளையின் பாரம் அப்படிப்பட்ட நாளில்தான் தெரிகிறது. என் அயலவன் யார் என்று கேட்டவனுக்கு இயேசு நல்ல சமாரியனின் கதையைச் சொன்னார். கேட்டவனுடைய சனங்கள் வெறுத்து ஒதுக்கிய இனத்தவன் அந்தச் சமாரியன். கதையில் காயப்பட்டவனைத் தூக்கிப் பராமரித்தவனும் அவனே. சைவரோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, கிழக்கில் பிறந்த நம் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை பொருந்தும்.

புலம்பெயர்ந்த உறவுகளே, நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் எழும்புகின்றன, ஆலயங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. அது நல்ல காரியம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். உங்கள் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ காசு அனுப்பும்போது, அதில் ஒரு பங்கை அந்த ஊரில் வேறு சமயத்து வீடு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையின் படிப்புக்கு, ஒரு இளைஞனின் தொழிற்பயிற்சிக்கு, கணவனை இழந்த ஒரு பெண்ணின் தையல் மெஷினுக்கு. உங்கள் கோயில் நிர்வாகமோ சபையோ தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும் பழக்கம் அதனால் மீண்டும் வரும். நம் சங்கம் இந்த ஆண்டே அதைத் தொடங்க வேண்டும். என் பங்கை முதலில் நான் தருகிறேன்.